ஊர் திரும்புவோருக்கு முதல் ஆண்டுப் பாடம்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டி வட்டாரம் அமைந்துள்ளது. தெற்கே சிறுமலையும் வடகிழக்கே கரந்தமலையும் எல்லை காட்டுகின்றன. இவ்வட்டாரத்தில் மா, புளி, தென்னை, மல்லிகை, தக்காளி, நிலக்கடலை, சோளம் ஆகியவை பயிராகின்றன. செம்மண் நிலமும் கிணற்றுப் பாசனமுமே இங்கு மிகுதி. மழை தவறிய ஆண்டுகளில் இங்கிருந்து பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை, சென்னை, பெங்களூரு நகரங்களுக்கும் வேலை தேடிச் சென்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஊருக்கு வந்து நிலத்தில் இறங்க விரும்புகின்றனர். அவ்வாறு வருவோரும், அவர்களை எதிர்பார்த்து ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியரும் அறிந்து கொள்ள வேண்டியவற்றை இங்கு வரிசையாகக் காண்போம்.

நகரத்தில் சேர்த்த சேமிப்பும், வேலையை விட்டபோது கிடைத்த வைப்பு நிதியும் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு முறைதான் கைக்கு வரும். அந்தப் பணம் முதல் ஆண்டிலேயே ஆழ்குழாய்க் கிணற்றிலும் வேலியிலும் டிராக்டரிலும் முடங்கிவிட்டால், இரண்டாம் ஆண்டில் விதை வாங்கக் கடன் தேட வேண்டியதாகிவிடும். மூன்றாம் ஆண்டில் மீண்டும் திருப்பூருக்குப் பஸ் ஏற நேரிடும். அப்போது சேமிப்பும் இருக்காது, வயதும் ஏறியிருக்கும். எனவே முதல் ஆண்டைச் செலவு செய்யும் ஆண்டாகக் கொள்ளாமல், நிலத்தைப் படித்தறியும் ஆண்டாகக் கொள்வதே நல்லது.

2020-ஆம் ஆண்டு காட்டிய உண்மை

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, ஆலைகளும் கடைகளும் மூடப்பட்டு லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினர். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வேலை செய்வோரில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19-இல் 42.5 சதவீதம். 2019-20-இல் இது 45.6 சதவீதமாகவும், 2020-21-இல் 46.5 சதவீதமாகவும் உயர்ந்தது. பல ஆண்டுகளாகக் குறைந்து வந்த விகிதம் இவ்வாறு ஏறியதற்குக் காரணம் விவசாயத்தில் வருமானம் பெருகியது அன்று. மற்ற வேலை இல்லாதபோது நிலம் அடைக்கலம் கொடுத்தது. ஆனால் இரண்டு பேர் பார்த்து வந்த மூன்று ஏக்கரை நான்கு பேர் பார்த்தால் விளைச்சல் இரட்டிப்பாகிவிடாது. ஒரே வருமானம் நான்காகப் பங்கிடப்படும். நிலம் சோறு போடும் என்பது உண்மை. உழைக்கும் ஆள் கூடியதற்கேற்ப அது தானாகவே கூடுதல் பணம் தரும் என்பது உண்மை அன்று.

இதற்கு முன்பும் பெரிய அளவில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களுக்காக 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்களுக்குக் கொழுந்து பறிக்கும் வேலையே கிடைத்ததால், அங்குக் குடியேறியவர்களால் காலூன்ற முடிந்தது. சமவெளியில் தொழில் கடன் பெற்றுப் பழக்கமில்லாத வியாபாரத்தில் இறங்கிய பலர் பணத்தை இழந்து கூலி வேலைக்குச் சென்றனர். கையில் உள்ள தொழில் அறிவை விட்டுவிட்டுத் தெரியாத தொழிலில் முழுப் பணத்தையும் போடக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

பணத்தை மூன்றாகப் பிரித்தல்

ஊர் திரும்பும் குடும்பத்துக்கு மாதம் 12,000 ரூபாய் வீட்டுச் செலவு என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகும். பல ஆண்டு தரிசாகக் கிடந்த மூன்று ஏக்கர் நிலம் முதல் ஆண்டில் இத்தொகையைத் தராது. ஆகவே நிலத்தில் ஒரு ரூபாய் போடுவதற்கு முன் இந்த 1,44,000 ரூபாயை வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியாகப் போட்டுவிட வேண்டும். இது முதல் பங்கு.

இரண்டாவது பங்கு நிலத்தைச் சீர் செய்யவும் முதல் பயிருக்கும் உரியது. மூன்றாவது பங்கு, மோட்டார் எரிந்தாலோ மாடு இறந்தாலோ வீட்டில் நோய் வந்தாலோ எடுக்க வேண்டியது. மழை பொய்த்தால் இரண்டாம் ஆண்டு விதைக்கும் இதுவே துணை. மூன்றாவது பங்கைத் தொட்டுத்தான் நிலத்தைத் திருத்த முடியும் என்றால், இவ்வாண்டு ஒரு ஏக்கரை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மானாவாரியாக விதைப்பதே மேல்.

குடும்பத்தில் ஒருவருக்கேனும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வெளி வருமானம் இருப்பது அவசியம். பனியன் கம்பெனியில் தைத்தவருக்குத் தையல் மிஷின் உண்டு. மோட்டார் கட்டத் தெரிந்தவருக்குக் கோடையில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஓட்டுநர் உரிமம் உள்ளவர் வாரத்தில் இரண்டு நாள் சரக்கு வண்டி ஓட்டலாம். இதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. தொழிலோடு சேர்ந்த விவசாயம்தான் வறட்சியில் தாக்குப் பிடிக்கிறது.

பத்திரமும் பட்டாவும்

தாத்தா பெயரில் பட்டா இருக்க, பேரன் கடப்பாரையுடன் நிலத்தில் இறங்குவது பல ஊர்களில் காணும் காட்சி. இது பின்னால் வழக்கில் முடியும். முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு பட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற வேண்டும். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பெயரிலும் பரப்பளவிலும் நேர்ந்த பிழைகள் சில பட்டாக்களில் இன்றும் திருத்தப்படாமல் உள்ளன. பத்திரத்தில் உள்ள செண்டும் பட்டாவில் உள்ள செண்டும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும்.

தந்தை காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. அக்கா தங்கைகளின் பங்கை மறந்துவிடக் கூடாது. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் சம பங்கு தந்தது. 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப் பிரிவினை ஆகியிருந்தால் அது செல்லும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு அவரவர் வாரிசுச் சட்டம் பொருந்தும். எல்லாரும் கூடிப் பேசி, பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, நில அளவர் மூலம் உட்பிரிவு செய்து தனிப் பட்டா பெற்ற பிறகே மா, புளி போன்ற நெடுங்கால மரங்களை நட வேண்டும். அதுவரை ஓராண்டுப் பயிர்களோடு நிற்பது நல்லது.

பத்திரத்தில் மூன்று வரிகளைக் கூர்ந்து படிக்கவும். கிணற்றில் எத்தனை பாகம், மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப் பாதை எந்தப் பக்கம் என்பவையே அவை. நிலத் தகராறுகளில் பெரும்பாலானவை மண்ணைப் பற்றி எழுவதில்லை. கிணற்று முறை பற்றியும் பாதை பற்றியுமே எழுகின்றன. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், பழைய இணைப்பு பெரும் சொத்தாகும். அது இறந்தவர் பெயரிலேயே இருந்தால் மின் வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்து கொள்ளவும். புதிய இணைப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடலாம்.

உழுது வந்தவரின் உரிமை

நீங்கள் நகரத்தில் இருந்த காலத்தில் நிலத்தைத் தரிசாகப் போடாமல் காத்தவர் ஒருவர் இருப்பார். அவர் அண்ணனாகவோ வாரத்துக்கு உழுதவராகவோ இருக்கலாம். வந்த வாரமே நிலத்தை விடச் சொல்வது முறையன்று. குத்தகைக்குச் சாகுபடி செய்வோரை நினைத்தபடி வெளியேற்ற 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. உறவினராயினும், நட்டுள்ள பயிர் அறுவடையாகும் வரை பொறுத்திருந்து, அவர் போட்ட உரத்துக்கும் வெட்டிய வரப்புக்கும் உரிய ஈட்டைப் பேசித் தர வேண்டும்.

இதில் லாபமும் உண்டு. எந்த மூலையில் பாறை மேலாக உள்ளது, எந்தப் பாத்தியில் மழைநீர் தேங்கும், எந்த மாதத்தில் சிறுமலை அடிவாரத்துத் தோட்டங்களுக்குக் காட்டு மாடு இறங்கும், மயில் எந்த விதையைப் பொறுக்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். இந்த அறிவு எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைப்பதில்லை. முதல் ஆண்டு அவரோடு சேர்ந்து, விளைச்சலைப் பங்கிட்டுக் கொள்வதாக எழுதிக் கொண்டு சாகுபடி செய்தால் மனக்கசப்பும் வராது, தொழிலும் பிடிபடும்.

கிணற்றை அளந்து பாருங்கள்

இப்பகுதி பாறைப் பூமி. மேல் மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே வெடிப்புகளில்தான் நீர் நிற்கிறது. ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் நீர் வந்ததால் நம் தோட்டத்திலும் வரும் என்று எண்ணக் கூடாது. நூறு அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று பொங்கும். மற்றொன்று புழுதி கக்கும். 800, 1,000 அடி வரை துளையிட்டும் நீர் காணாதவர்கள் மாவட்டத்தில் பலர். ஊர் திரும்புவோரின் சேமிப்பு விரைந்து கரையும் இடமும் இதுவே.

முதலில் உள்ள கிணற்றின் திறனை அறியவும். அளவெடுக்கும் காலம் சித்திரை, வைகாசி. ஐப்பசியில் நிறைந்து நிற்கும் கிணற்றைக் கண்டு பயிர்த் திட்டம் போடக் கூடாது. மாலையில் கிணற்றை இறைத்து முடித்ததும், அடையாளம் இட்ட கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறிக்கவும். மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பார்க்கவும். இவ்வாறு மூன்று முறை அளந்து சராசரி காணவும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி நீர் என்பது ஏறக்குறைய 8,900 லிட்டர். நாளொன்றுக்கு 4 அடி ஊறினால் சுமார் 35,600 லிட்டர் கிடைக்கும்.

கோடையில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் நீர் தேவை என்று கொண்டால், ஏக்கருக்கு 20,000 லிட்டர் ஆகிறது. ஆக, மேற்சொன்ன கிணறு கோடையில் ஒன்றே முக்கால் ஏக்கர் காய்கறியைத் தாங்கும். கிணற்றில் உங்களுக்குப் பாதி பாகம்தான் என்றால் 17,800 லிட்டரே உங்களுடையது. அது ஓர் ஏக்கருக்கே போதாது. மூன்று ஏக்கருக்கும் தக்காளி நாற்று வாங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பயனில்லை.

போர் உள்ளவர்கள் 200 லிட்டர் பீப்பாயை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கணக்கிடலாம். 100 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர் வருகிறது. மோட்டாரைப் போட்ட உடனே அளக்காமல், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அளக்க வேண்டும்.

புதிய போர் தவிர்க்க முடியாதது என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி நிலநீர் ஆய்வு செய்த பிறகே இடம் தேர்வு செய்யவும். எத்தனை அடியில் நிறுத்துவது, மொத்தம் எவ்வளவு செலவழிப்பது என்பதை வண்டி வருவதற்கு முன்பே வீட்டில் எழுதி வைத்துக் கொள்ளவும். முதல் போர் தோற்றால் அதே ஆண்டில் இரண்டாவது போடுவதில்லை என்ற உறுதியும் வேண்டும்.

மழைநீரையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் 32 லட்சம் லிட்டர். இதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. பத்தில் ஒரு பங்கை மட்டும் கிணற்றில் சேர்த்தால் 3,20,000 லிட்டர். மேற்சொன்ன கிணற்றில் இது 36 அடி நீருக்குச் சமம். சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தி, தாழ்ந்த மூலையில் 6 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதன் மேல் மணல் பரப்பி, அதன் வழியே நீரைக் கிணற்றுக்கு விடலாம். முதல் மழையின் கலங்கல் நீரையும், மருந்து தெளித்த வயலின் நீரையும் உள்ளே விடக் கூடாது.

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. இதற்கு வட்டாட்சியர் தரும் சிறு விவசாயி சான்று தேவை. இரண்டரை ஏக்கர் வரை உடையவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை உடையவர் சிறு விவசாயி.

தரிசு மண்ணைத் திருத்துதல்

பல ஆண்டு தரிசில் சீமைக் கருவேல் பிடித்திருக்கும். இதை வெட்டி விட்டால் தூரிலிருந்து மீண்டும் தழையும். கோடையிலேயே வேரோடு பெயர்த்து அகற்ற வேண்டும். பிறகு கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்காக உழவும். கோரையும் அருகும் உள்ள இடத்தில், உழவில் மேலே வரும் கிழங்கையும் வேரையும் வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி அப்புறப்படுத்தவும்.

மண் மாதிரி எடுக்கும் முறை எளிது. ஒரே தன்மையுள்ள நிலத்தில் 10 முதல் 15 இடங்களில் 6 அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்கவும். எருக்குழி, வரப்பு, மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களைத் தவிர்க்கவும். எல்லா மண்ணையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும் வரை குறைக்கவும். துணிப்பையில் இட்டு, பெயரும் சர்வே எண்ணும் எழுதி வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். மரம் நட உள்ள இடத்தில் மூன்று அடி ஆழம் வரை அடிக்கு ஒரு மாதிரியாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். மூன்றடிக்குள் பாறை தட்டினால் அந்த மூலையில் மா வைக்க வேண்டாம். தீவனப் புல்லுக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் அவ்விடம் ஆகும்.

வெளிறிய செம்மண்ணுக்குக் கண்மாய் வண்டல் அருமருந்து. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று, ஏக்கருக்கு 10 முதல் 15 டிப்பர் வரை அடித்துப் பரப்பலாம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு அல்லது 10 முதல் 14 கிலோ சணப்பு விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். நீர் இல்லாத இடத்தில் கொழிஞ்சி ஏற்றது.

எதைப் பயிரிடலாம்?

நகரத்தில் மாதச் சம்பளத்துக்குப் பழகியவர்களுக்குப் பெரிய சோதனை, ஆறு மாதம் பணம் வராமல் இருப்பதுதான். எனவே நிலத்திலிருந்து வாரப் பணம், பருவப் பணம், ஆண்டுப் பணம் மூன்றும் வருமாறு திட்டமிட வேண்டும்.

வாரப் பணத்துக்கு 15 முதல் 20 செண்டில் வெண்டை, கொத்தவரை, கீரை, தட்டைப்பயறு ஆகியவற்றைத் தொடர்ச்சியாக விதைக்கலாம். வெண்டை 45-ஆம் நாளில் காய்க்கு வரும். ஒரே நாளில் முழுவதையும் விதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக விதைத்தால் விலை சரிந்தாலும் முழு நட்டம் வராது. ஒரு கறவை மாடு, ஐந்து வெள்ளாடு இருந்தால் எருவும் கிடைக்கும்; அவசரத்துக்குப் பணமும் கிடைக்கும். மாட்டுக்கு 10 செண்ட் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளர்த்தால், முதல் அறுப்பு 75 நாளிலும் பிறகு 45 நாளுக்கு ஒரு முறையும் கிடைக்கும். புல் வளர்ந்த பிறகே மாடு வாங்க வேண்டும்.

பருவப் பணத்துக்கு மல்லிகையும் செடி முருங்கையும் ஏற்றவை. மல்லிகையைக் கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கும். பூ மிகும் கோடையில் விலை குறையும். பூ அருகும் பனிக் காலத்தில் விலை ஏறும். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்தாக வேண்டும் என்பதால், வீட்டு ஆட்களால் பறிக்க முடிந்த அளவுக்கு மட்டும் நடவும். புதிதாக இறங்குவோருக்கு 20 செண்ட் போதுமானது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடி முருங்கை, விதைத்த ஆறாம் மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

ஆண்டுப் பணத்துக்கு மாவும் புளியும். ஒட்டு மாவை 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று நடலாம். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறப்போட்டு, புரட்டாசி, ஐப்பசி மழையில் நடவும். முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் வருமானம். அதுவரை இடையில் நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு போடலாம். ஒட்டு ஒன்றரை அடிக்கு மேல் ஓங்கியும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் தெரியும்படியும் நட வேண்டும். செந்தூரம், கல்லாமை, காசா, இமாம் பசந்த் எனப் பல இரகம் இருப்பினும், ஒரே இரகத்தை மட்டும் வைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்து விலையைக் கெடுக்கும். புளியில் பி.கே.எம்.1 ஒட்டுக் கன்று சிறந்தது. நீர் குறைந்த ஓரத்தில் அது நிற்கும்.

மீதி நிலத்தில் ஆடியில் சோளமும் நிலக்கடலையும், புரட்டாசியில் கொள்ளும் விதைத்து வீட்டுச் சாப்பாட்டையும் மாட்டுத் தீவனத்தையும் காத்துக் கொள்ளலாம். கடையில் வாங்காமல் மிச்சப்படுத்திய பணமும் வருமானமே.

கணக்கு நோட்டு

நகரத்துப் படிப்பைக் கிராமத்துக்குப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி ஜே.சி.குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர் அவர். காந்தியடிகளோடு சேர்ந்த பின், குஜராத்தின் மாதர் தாலுகாவில் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களில் வரவு செலவை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை வெளியிட்டார். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-இல் மறைந்தார். யோசனை சொல்வதற்கு முன் அவர் கணக்கெடுத்தார். நாமும் நம் மூன்று ஏக்கரில் அதையே செய்யலாம்.

ஒரு நோட்டில் இடப்பக்கம் செலவும் வலப்பக்கம் வரவும் அன்றன்று எழுதவும். வீட்டு ஆள் கூலியையும் செலவாக எழுத வேண்டும். அம்மாவும் மனைவியும் பறித்த பூவுக்குக் கூலி போடாமல் லாபம் என்று சொல்வது தவறான கணக்கு. மழை பெய்த நாளும் அளவும், கிணற்று நீர்மட்டமும், சந்தையில் கிடைத்த விலையும் அதே நோட்டில் இருக்கட்டும். ஓராண்டு முடிவில் எந்தப் பயிர் காப்பாற்றியது, எது ஏமாற்றியது என்பதை நோட்டே சொல்லும்.

விற்பனையில் திண்டுக்கல் பூ மார்க்கெட், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை ஆகியவற்றின் விலையை விதைக்கும் முன்பே மூன்று மாதம் கவனித்து வரவும். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகளில் அடையாள அட்டை பெற்றுச் சிறு அளவு காய்கறியை நேரடியாக விற்கலாம். கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவதற்கு முன், விலையையும் எடையையும் அவர்களே சொல்லும் நிலை வரும் என்பதை நினைவில் கொள்ளவும்.

கடன் தேவைப்பட்டால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராகி, அடங்கல் கொடுத்துப் பயிர்க்கடன் பெறலாம். தவணை தவறாமல் கட்டுவோருக்கு வட்டி இல்லை. பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. ஆனால் கடைசி மதிப்பீட்டு ஆண்டில் குடும்பத்தில் யாரேனும் வருமான வரி கட்டியிருந்தால் அது கிடையாது. நகரத்திலிருந்து வருவோர் இதை அறிந்து விண்ணப்பிக்கவும். பயிர் பற்றிய ஐயங்களுக்கு வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களையும், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

மாதவாரி வேலைத் திட்டம்

சித்திரை, வைகாசி: ஆவணங்களைச் சரி பார்த்தல், கிணற்றை அளத்தல், கருவேல் அகற்றல், மண் மாதிரி எடுத்தல், கோடை உழவு, குழி எடுத்தல்.

ஆனி, ஆடி: வண்டல் பரப்புதல், பசுந்தாள் உரம், மானாவாரிச் சோளம், கடலை விதைப்பு, சிறு பரப்பில் காய்கறி.

ஆவணி, புரட்டாசி: பசுந்தாளை மடக்கி உழுதல், வரப்பு கட்டுதல், நீர் சேமிப்புக் குழி, கொள்ளு விதைப்பு.

ஐப்பசி, கார்த்திகை: தனிப் பட்டா கைக்கு வந்திருந்தால் மரக்கன்று நடவு. வராவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கவும்.

மார்கழி, தை: அறுவடை, கன்றுகளுக்கு மூடாக்கு, நோட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தல்.

மாசி, பங்குனி: அடுத்த ஆண்டுக்குரிய பரப்பை முடிவு செய்தல். கிணறு கோடையைத் தாங்கினால் பாசனப் பரப்பைக் கால் ஏக்கர் கூட்டலாம்.

ஊரில் இருப்போர் கவனத்துக்கு

திரும்பி வரும் தம்பியை 'பட்டணத்தில் பிழைக்கத் தெரியாமல் வந்தவன்' என்று பேசுவது கூடாது. அவனிடம் உள்ள கணக்கு, இயந்திர அறிவு, வெளித் தொடர்பு ஆகியவை உங்கள் நிலத்துக்கும் உதவும். இரண்டு குடும்பங்களும் தனித்தனியே போர் போட்டு ஒரே வெடிப்பு நீரை உறிஞ்சுவதைவிட, ஒரே கிணற்றைச் சேர்ந்து தூர் வாரி, முறை வைத்து இறைப்பது இருவரையும் காக்கும். முறை எந்த நாள், எத்தனை மணி, மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு தருவது என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக் கொள்ளவும்.

அவ்வாறே திரும்பி வருவோரும், முதல் விளைச்சலில் நகரச் சம்பளத்துக்கு ஈடான வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓராண்டு முடிவில் வீட்டுச் செலவுப் பணம் போக மூன்றாவது பங்கு தொடப்படாமல் இருந்து, பட்டா கையில் இருந்து, கிணற்றின் அளவு நோட்டில் இருந்தால், முதல் ஆண்டு வெற்றி என்றே கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுச் சாகுபடியை அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தொடங்கவும்.